வழி சொல்வது வண்டியா, கைப்பேசியா?

சென்னையிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்கு இரண்டு எண்கள் உண்டு. பழைய ஓட்டுநர்கள் பலர் இன்றும் அதை 205 என்றே சொல்வார்கள். நாட்டின் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் சூட்டப்பட்டபோது அது 716 ஆயிற்று. வரைபடச் செயலிக்குத் தெரிந்தது புது எண். திருத்தணியில் தேநீர்க் கடையில் கேட்டால் இரண்டுமே கிடைக்காது. 'திருப்பதி ரோடு' என்பார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சாலையோரத்தில் வசிக்கும் எனக்கு, அண்மைக் காலமாக அதில் செல்லும் இருசக்கர வாகனங்களின் முகப்பு மாறிவருவது கண்கூடு. ஒரு சாராரின் கைப்பிடியில் கைப்பேசி இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கிறது. இன்னொரு சாராரின் வண்டியில் வேகமானிக்கு அருகிலேயே சிறு வட்டத் திரை ஒளிர்கிறது. புது வண்டி வாங்கவிருக்கும் என் அக்காள் மகன் கேட்டதும் இதைத்தான்: "மாமா, திரை இருக்கிற வண்டியா எடுக்கட்டும், இல்லை போனே போதுமா?" விலையில் சில ஆயிரம் ரூபாய் வேறுபாடு இருப்பதால், பல குடும்பங்களில் இன்று எழும் கேள்வி இது.

கேள்வியிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. வண்டியில் திரை இருந்தால் வண்டிக்கே வழி தெரியும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலான வண்டிகளில் அப்படியல்ல.

வழிகாட்டுதல் என்பது மூன்று வேலைகளின் கூட்டு. நாம் எங்கே இருக்கிறோம் என்று அறிவது முதல் வேலை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் நேரக் குறிப்புடன் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிட்டுவிடும். கருவி கேட்கிறதே தவிர, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே இதற்குச் சிம் அட்டையோ இணையமோ தேவையில்லை. 'டவர் இல்லை, அதனால் ஜி.பி.எஸ். வேலை செய்யவில்லை' என்று சொல்வது பரவலான தவறு. இணையம் தேவைப்படுவது, சாலைகளின் வரைபடத்தைக் கொண்டுவந்து அதில் பாதையைத் தேர்ந்தெடுக்கும் இரண்டாவது வேலைக்கு. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தால் அதற்கும் அவசியமில்லை. நெரிசல் குறித்த தகவல் மட்டும் கிடைக்காது. கண்டறிந்த பாதையை ஓட்டுநருக்குக் காட்டுவதும் சொல்வதும் மூன்றாவது வேலை.

இந்திய வண்டிகளில் 'உள்ளமைந்த வழிகாட்டி' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, இந்த மூன்றாவது வேலையை மட்டுமே செய்கிறது. 2018-இல் டி.வி.எஸ். என்டார்க் ஸ்கூட்டர் புளூடூத் இணைப்புடன் வந்தபோது, கைப்பேசிச் செயலி அனுப்பும் திருப்பக் குறிகளை அதன் முகப்புத் திரை காட்டியது. 2020 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-இல் வந்த 'டிரிப்பர்' வட்டத் திரையும் அதே வகைதான். இடம் அறிவதும் பாதை வகுப்பதும் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி. திரை அதன் எதிரொலி. 2023-இல் வெளிவந்த ஹிமாலயன் 450 ஒரு படி மேலே சென்று, அம்புக்குறிக்குப் பதிலாக கூகுள் வரைபடத்தையே வட்டத் திரையில் விரித்தது. அதற்கும் கைப்பேசி இணைந்திருக்க வேண்டும். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்தால் திரைக்கும் வழி தெரியாது.

தன் சொந்த அறிவில் இயங்கும் வண்டிகளும் உண்டு. 2006-இல் ஹோண்டா கோல்டு விங் என்னும் பெரும் பயண வண்டி தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட வழிகாட்டியுடன் வெளிவந்தது. நம் பக்கத்தில் அதற்கு நிகரானவை மின் ஸ்கூட்டர்களே. ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் தனக்கென ஒரு சிம்மும் பெரிய திரையும் கொண்டு கூகுள் வரைபடத்தை இயக்குகிறது. இத்தகைய இணைப்புச் சேவைகள் பெரும்பாலும் கட்டணத்துக்கு உரியவை என்பதை மட்டும் வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால், கைப்பேசியின் எதிரொலிக்கு எதற்குக் கூடுதல் பணம்? இங்கேதான் திருத்தணி வெயில் குறுக்கே வருகிறது. கோடையில் வானிலை ஆய்வு மையம் வெளியிடும் அன்றாடப் பட்டியலில் எங்கள் ஊர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது செய்தியே அல்ல. ஐஃபோனைப் பயன்படுத்தத் தகுந்த சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை என்கிறது ஆப்பிள் நிறுவனம். உச்சிவெயிலில், கண்ணாடி மேல்நோக்கி, முழு வெளிச்சத்தில், ஜி.பி.எஸ். இயங்கியபடி, சில வேளைகளில் மின்னேற்றமும் நடக்கும் நிலையில் கைப்பிடியில் கிடக்கும் கருவி கொதிப்பதில் வியப்பென்ன? முதலில் திரை மங்கும். பிறகு கருவி தன்னைத்தானே காத்துக்கொள்ள அணைந்துவிடும். அதுவும் பெரும்பாலும் வழி தேவைப்படும் சந்திப்பில்தான் நிகழும். சட்டைப்பையின் நிழலில் இருக்கும் கைப்பேசிக்கு இந்தச் சோதனை மிகவும் குறைவு. வடகிழக்குப் பருவமழையில் நிலைமை வேறு. மழைத்துளியையும் விரலையும் கைப்பேசித் திரையால் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. வண்டியின் திரை நனைவதற்கென்றே செய்யப்பட்டது.

அதிர்வும் ஒரு காரணம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது: ஆற்றல் மிகுந்த மோட்டார் சைக்கிள் இயந்திரங்களின் அதிர்வு, கைப்பிடி வழியாகக் கைப்பேசிக்குத் தொடர்ந்து பாய்ந்தால், அதன் கேமராவில் உள்ள நடுக்கம் தணிக்கும் நுண்பொறி பழுதடையக்கூடும். அத்தகைய வண்டிகளில் நேரடியாகப் பொருத்த வேண்டாம் என்றும், சிறு ஸ்கூட்டர்களிலும் அதிர்வு உறிஞ்சும் தாங்கியோடு பொருத்துவதே நல்லது என்றும் அக்குறிப்பு சொன்னது. தாங்கிக்கு 300 ரூபாய் செலவிட்டு, 30,000 ரூபாய்க் கருவியின் கேமராவை இழப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது.

ஆனால் பணத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். வரைபடத்தில் அடுத்த திருப்பத்தைத் தேட இரண்டு வினாடி கண் இறங்கினால், 33 மீட்டர் தூரம் வண்டியை யாருமே ஓட்டவில்லை என்று பொருள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இந்தக் கோணத்தில் பார்த்தால், வரைபடம் முழுவதையும் காட்டும் பெரிய திரையைவிட, ஓர் அம்புக்குறியும் '200 மீ.' என்ற எண்ணும் மட்டும் காட்டும் எளிய திரை மேலானது என்பது என் கருத்து. கண் அதைப் படிப்பதில்லை, பார்த்துவிட்டு மீள்கிறது. காட்டுவது குறைவாக இருப்பதே அதன் சிறப்பு. விற்பனையாளர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

சட்டமும் இதையொட்டியே அமைந்திருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலாகக் கருதுகிறது. முதல் முறைக்கே ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதமோ சிறையோ உண்டு. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தம், வழியறிவதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், கருவியைப் பயன்படுத்த இடமளித்தது. கைப்பிடியில் உள்ள வரைபடத்துக்கு அனுமதி உண்டு. அதே திரையில் வாட்ஸ்ஆப் செய்திக்கு இல்லை.

அம்புக்குறித் திரைக்கும் ஒரு குறை இருக்கிறது. எல்லையோர ஊரில் இருப்பவர்களுக்கு அது எளிதில் விளங்கும். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவே அது தமிழகத்தோடு இணைந்தது. வடக்கே சிறிது தூரம் சென்றால் நகரி. பலகைகள் தெலுங்குக்கு மாறிவிடும். அதற்கப்பால் புத்தூர். தமிழகத்திலும் கர்நாடகத்திலும் புத்தூர்கள் பல உண்டு. பெயரைக் குரலால் சொல்லி, முதலில் வந்ததைத் தொட்டுவிட்டுப் புறப்பட்டால், எந்தப் புத்தூருக்குச் செல்கிறோம் என்பதை வெறும் அம்புக்குறி காட்டிக்கொடுக்காது. ஆகவே புறப்படும் முன் கைப்பேசியின் பெரிய திரையில் முழுப் பாதையையும் ஒருமுறை விரித்துப் பார்ப்பது அவசியம். (மூக்குப் போல் நீண்ட நகரி மலைச் சிகரத்தை, கரைநோக்கி வந்த மாலுமிகள் ஒருகாலத்தில் அடையாளமாகக் கொண்டார்கள். திருத்தணியிலிருந்து வடக்கே செல்பவர்களுக்கு அது இன்றும் பயன்படும், மின்னேற்றமும் வேண்டாம்.)

வாங்குபவர்கள் எண்ணிப் பார்க்காத இன்னொன்று, ஆயுள். சொந்த இருசக்கர வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். நம் ஊர்களில் வண்டிகள் அதற்குமேலும் ஓடுகின்றன. கைப்பேசியை நான்கைந்து ஆண்டுகளில் மாற்றிவிடுகிறோம். புதிய கைப்பேசியோடு பழைய திரை பேசுவதற்கு, தயாரிப்பாளர் தன் செயலியைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். பத்தாவது ஆண்டிலும் புதுப்பிப்பார் என்று எந்த விற்பனைச் சீட்டிலும் எழுதித் தரப்படுவதில்லை. ஆகவே அக்காள் மகனுக்கு நான் சொன்னது இது: வண்டியை இயந்திரத்துக்காகவும் பிரேக்குக்காகவும் தேர்ந்தெடு. விரும்பிய வண்டியில் திரை சேர்ந்தே வந்தால் நல்லது. அதற்காகவே விலை உயர்ந்த ரகத்துக்குத் தாவ வேண்டாம். அன்றாடம் ஊருக்குள்ளேயே ஓட்டுபவனுக்கு இரண்டுமே தேவையில்லை. மாதம் நான்கு முறை முன்பின் தெரியாத ஊர்களுக்குச் செல்பவனுக்கு மட்டும் திரை தன் விலையைத் திருப்பித் தரும்.

திரை எதுவாயினும், அதன் பின்னால் இருக்கும் வரைபடம் ஒன்றுதான். 2024 ஜனவரியில் கூடலூரில் வரைபடத்தை நம்பி வந்த ஒரு கார் படிக்கட்டில் இறங்கி நின்றது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, ராமகங்கை ஆற்றின் மீதிருந்த முற்றுப்பெறாத பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தனர்; அவர்களும் வரைபடச் செயலியைப் பின்பற்றியதாகவே செய்திகள் வந்தன. பாலம் அறுந்ததையும் சாலை அடைக்கப்பட்டதையும் யாராவது தெரிவித்தால்தான் வரைபடத்துக்குத் தெரியும்.

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிக்கு வருபவர்கள் இதை ஆண்டுதோறும் அனுபவிக்கிறார்கள். காவடிக் கூட்டத்துக்காகப் போக்குவரத்து திருப்பிவிடப்படும். மலைப்பாதையில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு வரும். ஊருக்கு வெளியே வண்டி நிறுத்தங்கள் அமையும். செயலியோ வழக்கமான நாளைப் போலவே மலையுச்சிக்குப் பாதை போட்டுக்கொண்டிருக்கும். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023-இல், தான் செய்யும் போக்குவரத்து மாற்றங்களை உடனுக்குடன் கூகுள் வரைபடத்தில் ஏற்றுவதற்கென ஒரு செயலியை ஏற்படுத்திக்கொண்டது. திருவள்ளூர் மாவட்டக் காவல்துறையும் கோயில் நிர்வாகமும் விழா நாள்களுக்கேனும் அதே ஏற்பாட்டைச் செய்யலாம். தற்காலிக வண்டி நிறுத்தங்களின் இடங்களையும் அதில் சேர்க்கலாம். எந்தெந்தச் சாலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அடைக்கப்படும் என்ற பட்டியல், விழாவுக்கு முன்பே அவர்கள் கையில் இருக்கிறது.