பத்து நூல்கள், ஒரு சாட்சி

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் உள்ள செஞ்சிக் கோட்டை, மராட்டியர் தொடர்பான 12 கோட்டைகளில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதைக் கட்டியது யார் என்ற பழைய வழக்கும் கூடவே கிளம்பியது. ஆனந்தக் கோன் என்ற உள்ளூர்த் தலைவர்தான் கட்டினார் என்னும் கட்சிக்காரர்களிடம் நூல்களுக்குப் பஞ்சமில்லை. சி.எஸ்.சீனிவாசாச்சாரி 1943இல் எழுதிய செஞ்சி வரலாறு தொடங்கிச் சுற்றுலாக் கையேடுகள் வரை, 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆனந்தக் கோன் செஞ்சியின் ராஜகிரி மலையில் அரண் எழுப்பியதைச் சொல்கின்றன. ஆனால் நூல் நூலாகப் பின்னோக்கிப் போனால், மெக்கன்சி சுவடித் தொகுப்பிலுள்ள 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திர'த்தில் போய் நிற்போம். நாராயணன் என்பவர் அதை எழுதியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நடந்ததாகச் சொல்வதற்கும் எழுதியதற்கும் இடையே சுமார் 600 ஆண்டுகள்! ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பத்து நூல்களும் ஒரே சாட்சிதான். உள்ளூர் நினைவைப் பொய் என்று தள்ளுவதா என்று கேட்கலாம். தள்ள வேண்டாம், சமகாலக் கல்வெட்டு ஒன்று துணைக்கு வரும்வரை 'என்று சொல்கிறார்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மராட்டியர் பங்குக்கும் அவர்களுக்கு முந்தைய செஞ்சிக்கும் இதைவிட நல்ல சாட்சியம் உண்டு. இயேசு சபைப் பாதிரியார் பிமெண்டா 1597இல் நாயக்கர் ஆட்சியில் செஞ்சிக்கு வந்து, லிஸ்பன் தவிர போர்ச்சுகலின் எந்த நகரையும்விடப் பெரியது என வியந்தார். மிகைப்படுத்தியிருப்பார் என்றே வைத்துக்கொண்டாலும், மிகைப்படுத்தவாவது அங்கே ஒரு பெருநகர் இருந்திருக்க வேண்டும். 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். மறு ஆண்டே பாதிரியார் பிரெய்ரே, சிவாஜி அகழி வெட்டிக் கொத்தளம் கட்டி அரண்களைப் பலப்படுத்துவதைக் கடிதத்தில் எழுதினார். இருவரும் ஒரே சபையினர்தான், ஆனால் தத்தம் காலத்துச் செய்தியை எழுதியவர்கள். ஒருவரை ஒருவர் நகலெடுக்கவில்லை. ஆக, மராட்டியர் கட்டியதும் உண்மை, அவர்களுக்கு முன்பே கோட்டை இருந்ததும் உண்மை.

அப்படியானால் ஆற்காட்டு நவாபிடம் தோற்ற செஞ்சி மன்னன் தேசிங்கு ராஜனின் கதைப்பாடல் எதற்கும் உதவாதா? அந்த நவாப் சாதத்துல்லா கானைப் புகழும் பாரசீக நூலான 'சயீத் நாமா' வென்றவரின் குரல். பாட்டு தோற்றவன் பக்கம் நிற்பது. குற்றம் யார்மேல் என்பதில் இரண்டும் ஒத்துப்போகா. ஆனால் தேசிங்கு களத்தில் மடிந்தான் என்பதில் ஒத்துப்போகின்றன. எதிரெதிர்க் கட்சிகள் ஒப்புக்கொள்ளும் செய்தி, நண்பர்கள் பத்துப்பேர் சொல்வதைவிடக் கனமானது. 1714இல் நடந்த அந்தச் சாவை அதனால் தயங்காமல் நம்பலாம். மணக்கோலத்தில் இருந்த மகமத்கான் தன் நண்பன் தேசிங்குக்காகப் போர்க்களம் வந்தான் என்று பாட்டு சொல்வதை அதே உறுதியோடு ஏற்க முடியாது. ஆனால் ஒரு முஸ்லிம் தோழனை நாயகனுக்குச் சமமாக வைத்துத் தென்னார்க்காட்டு மக்கள் பாடினார்கள் என்பதற்கு அந்தப் பாட்டை மிஞ்சிய ஆவணம் இல்லை.