சொந்தப் படகுல ரெண்டு நாள் கடல் பயணம்: ஒரு நாளுக்கு உண்மையில எவ்வளவு செலவு?



யூடியூப்ல ஒரே ஒரு பாய்மரப் படகு வீடியோ பார்த்தீங்கன்னா போதும், அடுத்த ஒரு மாசத்துக்கு அதுவேதான் வரும். ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு வெள்ளைப் படகு, சுத்தி நீலக்கடல், கையில காபி. அதையும் ஞாயித்துக்கிழமை ராத்திரி, மறுநாள் ஸ்டாண்டப் மீட்டிங் இருக்கேங்கிற கடுப்புல பார்த்தா, "நாம எதுக்கு இப்படி ஓடிக்கிட்டு இருக்கோம்?"னு கண்டிப்பா தோணும்.

தோணுறது தப்பே இல்ல. ஆனா நம்ம சேனலோட பழக்கம் உங்களுக்குத் தெரியும். அழகா தெரியுற எதுவா இருந்தாலும் பின்னாடி போய் பில்லைப் பார்ப்போம். இன்னைக்கு அந்தப் படகோட பில்லைப் பார்க்கலாம். நீங்க படகு வாங்கப் போறதில்லன்னாலும் கடைசி வரைக்கும் படிங்க. கார், பைக், கேமரா, ஊர்ல வீக்எண்ட் வீடு எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்கலாம்

'செய்லிங் லா வாகபாண்ட்' சேனலைப் பார்த்திருப்பீங்க. ரைலி, எலேனான்னு ஒரு ஆஸ்திரேலிய ஜோடி. 2019 நவம்பர்ல கிரேட்டா துன்பர்க்கை அமெரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி லிஸ்பனுக்குக் கூட்டிக்கிட்டு வந்தது இவங்க படகுதான். இவங்களுக்கு படகுங்கிறது வீடு, ஸ்டுடியோ, தொழில் மூணும். அதுக்குப் போடுற பணம் வீடியோவா திரும்பி வருது.

மாசச் சம்பளக்காரங்க வாங்குற படகு அப்படி இல்ல. அது சுத்தமான செலவு. அதனால அவங்களைப் பார்த்து நம்ம கணக்கைப் போடக் கூடாது. வேலைக்குப் போயிக்கிட்டே வார இறுதியில மட்டும் கடலுக்குப் போற ஒரு ஜோடியை எடுத்துக்குவோம்.

இடம்: இங்கிலாந்தோட தெற்குக் கரை

இங்கிலாந்தோட தெற்குக் கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவுல இருக்கிற கடல் பகுதிக்கு சோலன்ட்னு பேரு. சின்னப் படகுக்காரங்களுக்கு இது ரொம்பப் பிரபலமான இடம். கரையில லிமிங்டன்னு ஒரு ஊர். எதிர்ப்பக்கம் தீவுல யார்மத். ஃபெர்ரியில போனா 40 நிமிஷம்தான். பாய்மரப் படகுல காத்து ஒத்துழைச்சா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும்.

நம்ம ஜோடி சனிக்கிழமை காலையில லிமிங்டன்ல கிளம்புறாங்க. யார்மத்ல கட்டிட்டு, எட்டாவது ஹென்றி காலத்துல, 1547-ல கட்டி முடிச்ச கோட்டையையும், 1876-ல திறந்த மரப்பாலத்தையும் சுத்திப் பார்க்குறாங்க. கோடை வார இறுதியில துறைமுகம் நிரம்பிடும். ஒரு படகோட பக்கவாட்டுல இன்னொரு படகைக் கட்டி நிறுத்துவாங்க. பக்கத்துப் படகுக்காரரோட தளத்து மேல நடந்துதான் கரைக்குப் போகணும். மறுநாள் கிழக்கே போய் நியூடவுன் கழிமுகத்துல நங்கூரம் போட்டு, பறவைகளைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டுட்டு, சாயங்காலம் திரும்பிடுவாங்க. மொத்தம் 15 கடல் மைலுக்குள்ள முடிஞ்சிடும். அதாவது 28 கிலோமீட்டருக்கும் கம்மி.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போற தூரம்தான். ஆனா பார்க்குறதுக்குச் சின்னதா இருக்கிற இந்தப் பயணத்துக்குள்ள பணம் சம்பந்தப்பட்ட நிறைய விஷயம் ஒளிஞ்சிருக்கு.

படகு விலை: ஏமாத்துற நம்பர்

இங்கே அடிக்கடி பார்க்கக்கூடிய பழைய படகு ஒண்ணு, வெஸ்டர்லி சென்டார். 26 அடி நீளம். 1969 முதல் 1980 வரைக்கும் 2,400-க்கும் மேல கட்டினாங்க. ஃபைபர்கிளாஸ் உடம்புங்கிறதால இன்னும் நிறைய ஓடிக்கிட்டு இருக்கு. ரெண்டு பேர் தூங்க, சமைக்க வசதி உண்டு. பழைய படகுங்கிறதால சில ஆயிரம் பவுண்டுக்கே கிடைக்கும். ஒரு பழைய கார் விலை.

"அட, இவ்வளவுதானா?"ன்னு தோணுதுல்ல? இங்கேதான் எல்லாரும் மாட்டுறாங்க. வாங்குற விலை ஒரே தடவைதான், வச்சிருக்கிற செலவு ஒவ்வொரு வருஷமும் வரும். என்னென்னன்னு பாருங்க:

- நிறுத்துற இடத்துக்கு வாடகை. மெரினாவுல படகோட நீளத்தை மீட்டர் கணக்குல அளந்துதான் பணம் வாங்குவாங்க.
- இன்சூரன்ஸ். இது இல்லாம நிறைய துறைமுகங்கள்ல நிறுத்தவே விடமாட்டாங்க.
- வருஷத்துக்கு ஒரு தடவை கிரேன்ல தூக்கி, அடிப்பக்கம் ஒட்டின பாசியையும் சிப்பியையும் சுரண்டி, திரும்ப ஒட்டாம இருக்க ஸ்பெஷல் பெயின்ட் அடிக்கணும்.
- இன்ஜின் சர்வீஸ்.
- பாய், பாய்மரத்தைத் தாங்குற கம்பிகள். இது வருஷா வருஷம் வராது. ஆனா வரும்போது மொத்தமா வரும்.

இப்போ கணக்கு

இதெல்லாம் புரியுறதுக்காக நானா எடுத்துக்கிட்ட நம்பர்தான், விலைப்பட்டியல் இல்ல. படகு 6,000 பவுண்டுன்னு வச்சுக்குவோம். 5 வருஷம் கழிச்சு 3,000-க்கு விக்குறாங்க.

- தேய்மானம், வருஷத்துக்கு: 600
- அந்த 6,000-ஐ 5% வட்டியில போட்டிருந்தா கிடைச்சிருக்கும் பணம்: 300
- நிறுத்துற வாடகை: 1,200
- இன்சூரன்ஸ்: 200
- கிரேன், பெயின்ட்: 450
- இன்ஜின்: 250
- பாய், கம்பி மாத்த ஒதுக்குறது: 500

மொத்தம் வருஷத்துக்கு 3,500 பவுண்டு. ரெண்டு வருஷச் செலவு படகோட விலையையே தாண்டிடுச்சு, கவனிச்சீங்களா?

அடுத்து முக்கியமான கேள்வி. வருஷத்துக்கு எத்தனை நாள் போனாங்க?

10 நாள் போனா, ஒரு நாளுக்கு 350 பவுண்டு.
35 நாள் போனா, ஒரு நாளுக்கு 100 பவுண்டு.

இதே மாதிரி படகு வாடகைக்கு ஒரு நாளுக்கு 250 பவுண்டுன்னு வச்சுக்கிட்டா, 3,500-ஐ 250-ஆல வகுங்க. 14 நாள். அதாவது ஏழு வார இறுதி. அதுக்கு மேல போறவங்களுக்குச் சொந்தப் படகு லாபம். அதுக்குக் கீழ போறவங்க வாடகைக்கு எடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம்.

ஏழு வார இறுதிதானே, ஈஸின்னு நினைக்காதீங்க. அங்கே வசதியான சீசன் ஏப்ரல்லேருந்து அக்டோபர் வரைக்கும்தான். அதுலயும் காத்து பலமா அடிச்சா போக முடியாது. காத்தே இல்லன்னாலும் பாய் விரிச்சுப் பிரயோஜனமில்ல. நடுவுல ஆபீஸ் வேலை, சொந்தக்காரங்க கல்யாணம், உடம்பு சரியில்லாத நாள். வாங்கும்போது "எல்லா வாரமும் போவோம்"னு சொல்ற ஆள் ஒருத்தர். ஜூலை மாசம் சோபாவுல படுத்திருக்கிற ஆள் வேற ஒருத்தர். கணக்கு ரெண்டாவது ஆளை வச்சுத்தான் போடணும்.

சரி, இதை நம்ம ஊர் காருக்குப் போட்டுப் பார்க்கலாமா?

8 லட்சம் ரூபாய் கார். 8 வருஷம் கழிச்சு 2 லட்சத்துக்கு விக்குறீங்க. தேய்மானம் வருஷத்துக்கு 75,000. அந்த 8 லட்சத்துக்கு 7% வட்டி 56,000. இன்சூரன்ஸ் 20,000, சர்வீஸ் 15,000. மொத்தம் 1,66,000.

ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்தா 52 நாள். ஒரு நாளுக்கு கிட்டத்தட்ட 3,200 ரூபாய், பெட்ரோல் இல்லாம! தினமும் ஆபீஸுக்கு, வருஷத்துக்கு 250 நாள் எடுத்தா ஒரு நாளுக்கு 664 ரூபாய். கார் ஒண்ணுதான், விலையும் ஒண்ணுதான். முடிவு மட்டும் வேற. அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போக ராத்திரி நேரத்துல கார் வேணும்னா, அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. அதையும் சேர்த்து யோசிங்க. ஆனா நம்பர் தெரிஞ்சு யோசிங்க.

பெரிய படகு ஏன் வேண்டாம்?

சென்டார்ல ஒரு விசேஷம். படகோட அடியில கனமா நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதிக்கு கீல்னு பேரு. சாதாரணமா ஒண்ணு இருக்கும். இதுக்கு ரெண்டு. ஆழம் மூணு அடிதான் வேணும். கடல் வத்தி தண்ணி இறங்கினாலும் சேத்து மேல ரெண்டு காலு வச்ச மாதிரி நேரா நிக்கும். அதனால தண்ணி வத்திப்போற மலிவான இடத்துலயும் நிறுத்தலாம், எப்பவும் ஆழம் இருக்கிற காஸ்ட்லி மெரினா கட்டாயம் இல்ல.

இதுவே 40 அடிப் படகுன்னா நிறுத்துற வாடகை, பெயின்ட், பாய், கம்பி எல்லாம் சேர்ந்து ஏறும். நம்ம வாழ்க்கையிலயும் அப்படித்தான். பெரிய வீட்டுக்கு மாறினா வாடகை மட்டுமா ஏறுது? மெயின்டனன்ஸ், ஏசி, கரன்ட் பில், ஃபர்னிச்சர் எல்லாம் கூடவே ஏறும்.

இதை வாழ்ந்து காட்டினவங்க லின், லாரி பார்டி தம்பதி. 24 அடி நீளத்துல 'செராஃபின்'னு ஒரு மரப்படகைத் தாங்களே கட்டி, 1968-ல கலிஃபோர்னியாவுல கடல்ல இறக்கினாங்க. இன்ஜினே கிடையாது. முதல்ல மெக்சிகோ கரையோரமாத்தான் போனாங்க. பிறகு அதே படகுல உலகத்தைச் சுத்தினாங்க. வழியில படகு ரிப்பேர் பண்ணியும், அடுத்தவங்க படகைக் கொண்டுபோய்ச் சேர்த்தும், கட்டுரை எழுதியும் சம்பாதிச்சாங்க. பெரிய படகுக்குப் பணம் சேர்றவரைக்கும் காத்திருக்காதீங்க, சின்னதா, எளிமையா ஆரம்பிச்சுக் கிளம்புங்கங்கிறதுதான் அவங்க வாழ்நாள் முழுக்கச் சொன்ன அறிவுரை.

ஓதமும் ஈஎம்ஐயும்

சோலன்ட்ல ஏற்றம், வற்றம் நேரத்துல தண்ணி ஆறு மாதிரி ஓடும். மேற்குப் பக்கம் ஹர்ஸ்ட் கோட்டை கிட்ட கடல் குறுகுது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாட்கள்ல அங்கே 4 நாட் வேகத்துல நீரோட்டம் இருக்கும். நம்ம சென்டார் சாதாரணமா போறது 4, 5 நாட். எதிர்த்துப் போனா பாய் விம்மும், தண்ணி பீச்சியடிக்கும், வேகமா போற மாதிரியே இருக்கும். ஆனா கரையில இருக்கிற கோட்டை நகரவே நகராது.

சம்பளம் ஏறியும் அக்கவுண்ட்ல எதுவும் மிஞ்சலயேன்னு புலம்புறவங்க நிலைமை இதான். உழைப்புல குறை இல்ல, எதிர்ல ஈஎம்ஐ ஓடுது. விவரமான படகுக்காரங்க என்ன பண்ணுவாங்க? ஓத அட்டவணையைப் பார்த்து, ஓட்டம் சாதகமா மாறுற வரைக்கும் காத்திருந்து கிளம்புவாங்க. நீங்களும் ஒரு லோன் முடிஞ்சப்புறம் அடுத்ததை யோசிங்க.

அந்த பாய், கம்பிக்கு 500 ஒதுக்கினோமே, அதுக்குப் பேரு சிங்கிங் ஃபண்ட். பேரைக் கேட்டு பயந்துடாதீங்க, படகு மூழ்காம இருக்கத்தான் அது! கார் இன்சூரன்ஸ், ஸ்கூல் ஃபீஸ், தீபாவளிச் செலவு எல்லாமே வரும்னு தெரிஞ்ச செலவுதான். மொத்தத்தை 12-ஆல வகுத்து மாசாமாசம் ஒரு ஆர்டியில போட்டுடுங்க. எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்காதீங்க.

எல்லாத்தையும் விட முக்கியமானது

ரெண்டே பேர் போற படகுல ஒரு பெரிய ஆபத்து இருக்கு. கணவருக்கு மட்டும்தான் படகு ஓட்டத் தெரியும்னு வச்சுக்குங்க. அவரே தவறித் தண்ணியில விழுந்துட்டார்னா? படகுல மிச்சம் இருக்கிறது ஒருத்தர்தான். அவங்களுக்குப் பாயை இறக்கவும், இன்ஜினைக் கிளப்பவும், படகைத் திருப்பவும், ரேடியோவுல சேனல் 16-ல உதவி கேட்கவும் தெரிஞ்சிருக்கணும். லிமிங்டன்லயும் யார்மத்லயும் ஆர்என்எல்ஐ மீட்புப் படகு நிலையம் இருக்கு. ஆனா கூப்பிட்டாத்தானே வருவாங்க? பிரிட்டன்ல கடல்ல சொந்தப் படகு ஓட்ட லைசென்ஸ் கட்டாயம் இல்ல. இருந்தும் பொறுப்பான ஜோடிகள் ரெண்டு பேருமே பயிற்சிக்குப் போறது இதனாலதான்.

இப்போ உங்க வீட்டைப் பாருங்க. டேர்ம் இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனி, எவ்வளவுன்னு உங்க துணைக்குத் தெரியுமா? பிஎஃப்ல நாமினி யார்? கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட பேரே இன்னும் இருக்கா? மியூச்சுவல் ஃபண்ட் எந்த ஆப்ல இருக்கு? ஹோம் லோன் எவ்வளவு பாக்கி? "பணம் எல்லாம் அவர்தான் பார்த்துக்குவாரு", "அவதான் பார்த்துக்குவா"ன்னு சொல்ற வீடு, ஒருத்தருக்கு மட்டும் ஓட்டத் தெரிஞ்ச படகுதான். நல்ல காத்துல பிரச்சினையே தெரியாது.

இந்த வாரத்துக்கு ரெண்டே வேலை. ஒண்ணு, நீங்க ஆசைப்படுற பெரிய பொருளுக்கு மேலே போட்ட கணக்கைப் போடுங்க: தேய்மானம், முடங்கின பணத்தோட வட்டி, வருஷச் செலவு, மூணையும் கூட்டி, உண்மையா பயன்படுத்தப் போற நாளால வகுங்க. ரெண்டு, ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் துணையோட உட்கார்ந்து, எல்லா அக்கவுண்ட் விவரத்தையும் நாமினி பேரையும் ஒரு நோட்டுல எழுதி, அந்த நோட்டு எங்கே இருக்குன்னு ரெண்டு பேரும் தெரிஞ்சு வச்சுக்குங்க.

உங்க பொருளுக்கு ஒரு நாள் செலவு எவ்வளவு வந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல சிலதை எடுத்துப் பார்க்கலாம்.