பெட்ரோல் செல்லும் வழி

புதிய மோட்டார் வண்டி வாங்குவோர் முதற்கண் கேட்கும் வினா, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு அஃது எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதேயாம். விற்போர் 20 என்பர். வாங்கியவர் திங்கள் இறுதியில் கணக்கிட்டுப் பார்க்கின் 14 தேறுவதும் அரிதாகின்றது. எஞ்சிய பெட்ரோல் எங்கே சென்றது? ஊதியத்துக்கு வண்டி ஓட்டுபவர்மீது அப்பொழுது ஐயம் எழுகின்றது. களவு செய்யாதவரைக் கள்வர் என்றல் பெருங்கொடுமை. ஆதலின், பழிக்குமுன் இக்கணக்கின் இயல்பை ஆராய்தல் வேண்டும்.

விற்போர் கூறும் எண் பொய்யன்று. ஆயின், அது சாலையில் பிறந்த எண்ணும் அன்று. இந்தியாவில் பல்லாண்டுகளாக நடைபெற்று வந்த சோதனையில், ஆய்வுக்கூடத்து உருளைகளின்மேல் வண்டி நிறுத்தப்பெறும். சக்கரங்கள் சுழலும்; வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இன்ன நொடியில் இன்ன வேகம் என முன்னரே வகுத்த அவ்வோட்டம் ஏறத்தாழ 20 நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். அங்கே மாடு குறுக்கிடுவதில்லை. சந்தை நாளின் நெருக்கடியும் இல்லை.

பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தில் ஏறத்தாழக் கால்பங்கே இயக்கமாகின்றது. ஏனையது புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறும். அக்கால்பங்கையும் நாம் பலவாறு இழக்கின்றோம். 1,000 கிலோகிராம் எடையுள்ள வண்டியை நின்ற நிலையிலிருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொணர்தற்கு மட்டும் ஏறத்தாழ 17 மில்லிலிட்டர் பெட்ரோல் வேண்டும். பிரேக்கை அழுத்திய அளவில் அவ்வாற்றல் முழுதும் வெப்பமாகி வீணாகும். மீண்டும் எழும்பினால் மீண்டும் 17. இங்ஙனம் 60 முறை நின்று எழுந்தால் ஒரு லிட்டர் கழிந்துவிடும்! முன்னே தடை இருத்தலைத் தொலைவிலேயே கண்டு காலைத் தளர்த்துபவர், விரைந்து சென்று பிரேக்கை மிதிப்பவரினும் குறைவாகவே செலவிடுவர். நெரிசலில் நின்றுகொண்டே எஞ்சினை ஓடவிடினோ, செலவு உண்டு, தொலைவு இல்லை.

காற்றின் செயல் வியப்புக்குரியது. வண்டிக்குப் புறத்தே அது பகை. வேகம் 60இலிருந்து 90 ஆகுங்கால், அதன் எதிர்ப்பு ஒன்றரை மடங்காக அன்றி, இரண்டேகால் மடங்காக வளரும். மேற்கூரைமீது மூட்டை கட்டின் அவ்வெதிர்ப்பு இன்னும் மிகும். டயருக்கு அகத்தேயோ, காற்று நட்பு. அது குறையின் டயர் தட்டையாகி, உருளுந்தோறும் நசுங்கிச் சூடேறும். அச்சூடும் பெட்ரோலின் விலையே. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் மிகுந்து காட்டுமாதலின், புறப்படுமுன் அளத்தலே முறை.

குளிர்பதனப் பொறியும் எஞ்சினின் ஆற்றலையே உண்ணும். அண்மையிலுள்ள கடைக்குச் சென்று மீள்வதற்குள் எஞ்சின் தக்க சூட்டை எய்துவதில்லை. அந்நிலையில் செலவு மிகுதியே. இவற்றுள் ஒன்றும் காரணமன்றெனின், விடுபடாத பிரேக்கையும் பெட்ரோல் கசிவையும் நோக்குதல் வேண்டும்.

செலவை அளத்தற்கும் முறை உண்டு. தொட்டியை நிரப்பித் தொலைவுமானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பின்னர் ஓடியபின் மீண்டும் நிரப்பி, ஓடிய தொலைவை இம்முறை ஊற்றிய அளவால் வகுத்தல் வேண்டும். பெட்ரோல் குழல் தானே நின்றுவிடும் மட்டம் ஒவ்வொரு முறையும் சிறிது வேறுபடுதலின், மூன்று நான்கு முறை நிரப்பியதன் கூட்டுத்தொகையைக் கொள்வதே நன்று. நகர நெரிசலில் ஓடிய நாட்களையும் நெடுஞ்சாலையில் ஓடிய நாட்களையும் ஓட்டுநர் தனித்தனியே எழுதி வருவாராயின், கணக்குக் கேட்கும் உரிமையாளர்முன் அவ்வேட்டை விரித்து வைக்கலாம்.