உங்க மூளைக்கு பயாஸ் கொடுப்பது யார்?

டிரான்சிஸ்டர் பயாஸிங் படிச்சவங்களுக்கு இந்தக் கட்டுரை பாதி புரிஞ்ச மாதிரிதான். சிக்னல் வருவதற்கு முன்னாடியே ஒரு டிசி வோல்டேஜ் கொடுத்துத் தயாரா வைப்போம் இல்லையா? நீங்க முழிச்சிருக்கும்போது மூளையில் ஏறக்குறைய அந்த வேலையைச் செய்வது ஓரெக்சின் என்ற சின்ன பெப்டைடு.

1998-ல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே கண்டுபிடித்தன. பசியோடு தொடர்புடையது என்று நினைத்த குழு, பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஓரெக்சின் என்றது. இன்னொன்று ஹைப்போகிரெட்டின் என்றது. இன்னைக்கும் இரண்டு பெயரும் ஓடுது, தேடும்போது கடுப்புதான். இதைத் தயாரிக்கும் நியூரான்கள் ஹைப்போதலாமஸில் மட்டும், ஒரு லட்சத்துக்கும் குறைவு. ஆனா அவற்றின் இழைகள் மூளை முழுக்கப் பரவியிருக்கின்றன.

சும்மா இருக்கும் கார்ட்டெக்ஸ் நியூரானின் உள்ளே சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். மைனஸ் 55-ஐ ஒட்டி வந்தால் அது 'ஃபயர்' ஆகும். பொட்டாசியம் அயனிகள் வெளியே கசிந்துகொண்டே இருப்பதால்தான் வோல்டேஜ் அவ்வளவு கீழே நிற்கிறது. ஓரெக்சின் தன் ரிசெப்டாரில் ஒட்டியதும் அந்தக் கசிவு சேனல்களில் சில மூடிக்கொள்ளும். உடனே வோல்டேஜ் கொஞ்சம் மேலே ஏறும். கூடவே சவ்வின் ரெசிஸ்டன்ஸும் கூடும். நம்ம ஓம் விதிதான்: அதே கரண்ட், இப்போ பெரிய வோல்டேஜ். நேற்று வரை அசட்டை பண்ணிய சின்ன சிக்னலுக்கும் நியூரான் பதில் சொல்லும்.

எல்லா கார்ட்டெக்ஸ் நியூரானும் இப்படி நேரடியா அசைவதில்லை. எலி மூளைத் துண்டுகளில் பார்த்தபோது, ஆழத்தில் இருக்கும் 6பி அடுக்குதான் தெளிவா துள்ளியது. முன்மூளைப் பகுதியில் வேறு வழி: தலாமஸிலிருந்து வரும் இழைகளின் முனையைத் தூண்டி, அதிக குளுட்டமேட்டை விட வைக்கிறது. ஹிஸ்டமின், நார்அட்ரினலின் நியூரான்களை எழுப்பிவிடும் சுற்றுவழியும் உண்டு.

இந்த பயாஸ் போயிட்டா? நார்கோலெப்சியின் முதல் வகையில் ஓரெக்சின் நியூரான்களில் பெரும்பகுதி அழிந்துபோகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் அள்ளும். வாய்விட்டுச் சிரித்தால் முட்டி தளரும். பெரும்பாலும் ஆரம்பிப்பது பதின்வயதிலும் இருபதுகளிலும், அதாவது நம்ம வயசுல. காபியும் இந்த ஓட்டையை அடைக்காது. அது தடுப்பது அடினோசினை. ஹாஸ்டலில் 'தூங்குமூஞ்சி' பட்டம் வாங்கிய யாருக்காவது, நல்லா தூங்கியும் இப்படி நடந்தால், கிண்டலை நிறுத்திட்டு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க.