கரடுவழி ஊர்தி

வழியமைத்து அதன்மீது வண்டி செலுத்துதல் பண்டுதொட்டு வரும் வழக்கு. வழியில்லா இடத்தும் செல்லுமாறு வண்டியையே அமைத்தல் பிற்காலத்தார் கண்ட புதுமை. அத்தகைய ஊர்திகளைப் பற்றியும், அவற்றிலேறி இயற்கைக் காட்சி காணப் புகுவோர் கருதவேண்டிய தொன்றைப் பற்றியும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வடசென்னைக்கும் இத்துறைக்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிற்று. 1955-இல் அசோக் லேலண்டு எனப் பெயர் பெற்றது. அந்நிறுவனம் நம் படைக்கு அளித்த ஸ்டாலியன் என்னும் லாரி, நான்கு சக்கரங்களாலும் உந்தப்படுவது. 1955-இல் நிறுவப்பெற்ற என்பீல்டு இந்தியாவின் புல்லட்டு, திருவொற்றியூரினின்று எல்லைப்புறக் கரடுவழிகளை எட்டிற்று.

இவற்றினும் சிறியது, ஒருவர் குதிரைமேல் அமர்வதுபோல் அமர்ந்து செலுத்தும் ஊர்தி. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் வாங்குவார் குறைதலால், அமெரிக்க வணிகர் அப்பருவத்திலும் விற்கத்தக்கதொன்றை வேண்டினர். அதற்கென ஹோண்டா நிறுவனத்தார் 1970-இல் மூன்று சக்கர ஊர்தியொன்றை வெளியிட்டனர். 1982-இல் சுசுகி நிறுவனத்தார் நான்கு சக்கர ஊர்தியைக் கொணர்ந்தனர். மூன்று சக்கர ஊர்தி திருப்பங்களில் எளிதிற் கவிழ்ந்தமையால், 1988-இல் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றது.

மணலிற் கார் புதையவும் இவ்வூர்தி புதையாது செல்வது எங்ஙனம்? கார்ச் சக்கரத்தில் ஒரு சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 30 இராத்தல் அழுத்தமுள்ள காற்று இருக்கும். இதிலோ 5 இராத்தல் அளவே. ஆதலின் அகன்ற சக்கரம் நெகிழ்ந்து, ஒட்டகத்தின் அடிபோல் மணலிற் பரந்து படிகின்றது. நான்கு சக்கரங்களும் உந்தும் வகையினதாயின், ஒன்று வழுவினும் ஏனையவை நிலத்தைப் பற்றிக்கொள்ளும்.

கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரம் முதல் பழவேற்காடு வரை மணலும், உப்பங்கழியும், அலையாத்தி மரங்களும் ஆங்காங்கே காணப்படும். சாலையற்ற அவ்விடங்களைக் கண்டவர்க்கு, இத்தகைய ஊர்தியிற் சுற்றிவரும் ஆசை எழுதல் இயல்பே. ஆயினும் அது வெற்றிடமன்று. தை முதல் பங்குனி வரையில் பங்குனியாமைகள் நம் கரையேறி, மணலைத் தோண்டி நூறு முட்டை வரையில் இட்டு மூடிச் செல்லும். பொரித்த குஞ்சு கடலை நாடுகையில், சக்கரத் தடம் அதற்கு ஏறமுடியாத பள்ளமாகும். கழிச்சேற்றிலோ இருளர் கையால் துழாவி இறால் பிடித்து உயிர்வாழ்கின்றனர். மணற்குன்று, சேற்றுவெளி, அலையாத்தி, ஆமை முட்டையிடும் இடம் ஆகியவற்றை 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை முதல்வகைக் காப்பிடங்களாக வைத்தமை இதனாலேயாம்.

அகநானூற்றின் நான்காம் பாட்டில், குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன் கானத்தினூடே தேரூர்ந்து வருகின்றான். பூவில் துணையொடு வண்டுகள் உள்ளன. அவை அஞ்சுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிடுகின்றான். விரைந்து இல்லம் சேரவேண்டியவனே அத்துணை எண்ணினான் எனின், பொழுதுபோக்கிற்காகச் செல்லும் நாம் எத்துணை எண்ணவேண்டும்!

ஆகலின், ஊர்தி விளையாட்டை அதற்கென அமைத்த தடங்களில் நிகழ்த்துவோம். எண்ணூர்க் கழிக்கரையைக் காணவேண்டுமாயின், இறங்கி நடந்தே காண்போம்.