கிடந்த இடமே சான்று

நுழையும்முன்

எழுத்துத் தோன்றுவதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த மாந்தர், தம்மைப் பற்றி எதையும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற கல்லும் எலும்பும் மண்ணுக்குள் கிடக்கின்றன. அவற்றை வெளிக்கொணரும் பணியில் அறிஞர்களோடு மாணவர்களும் பொதுமக்களும் தன்னார்வலர்களாகக் கைகோக்கின்றனர். ஊதியம் கருதாத அப்பணி எத்தகையது? அதில் ஏன் அத்தனை கண்டிப்பு? இங்கிலாந்து நாட்டின் பாக்ஸ்குரோவ் அகழாய்வை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

ஓர் எலும்பு

அது 1993ஆம் ஆண்டின் இறுதி. இங்கிலாந்தின் தென்பகுதியில் மேற்குச் சசெக்ஸ் வட்டாரத்தில், பாக்ஸ்குரோவ் என்னும் சிற்றூருக்கு அருகே மணலும் சரளையும் வெட்டியெடுக்கப்பட்ட குவாரி ஒன்று உள்ளது. அங்கு நடைபெற்ற அகழாய்வில் ரோஜர் பெடர்சன் என்னும் தன்னார்வலர் பணியாற்றி வந்தார். அவர் அகழ்ந்த குழியில் எலும்பு ஒன்று வெளிப்பட்டது. அதன் இரு முனைகளையும் ஏதோ ஒரு விலங்கு கடித்துச் சிதைத்திருந்தது. ஆய்ந்தபோது, அது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட மனித எலும்பு என்பது தெளிவாயிற்று. அதன் காலம் ஏறத்தாழ 5 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. பிரித்தானியாவில் அதுவரை அவ்வளவு பழைமையான மனித எலும்பு கிடைத்ததில்லை. அடுத்த ஆண்டே ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழ் அச்செய்தியை உலகிற்கு அறிவித்தது. கண்டறிந்தவரின் பெயராலேயே அத்தொல்மாந்தனை ‘ரோஜர்’ என ஆய்வாளர்கள் அழைக்கலாயினர்.

அந்த எலும்பை அவர் வெறும் வியப்புப் பொருளாகக் கருதிப் பிடுங்கித் தம் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எலும்பு நமக்குக் கிடைத்திருக்கும்; அதன் காலமும் கதையும் கிடைத்திரா. தொல்லியல் என்னும் துறையின் அடிப்படை இவ்வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளது.

வண்டல் காத்த நிலம்

பாக்ஸ்குரோவ் இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. 5 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்போ அங்கே உயர்ந்த சுண்ணப்பாறைச் செங்குத்து ஒன்று நின்றது. அதன் அடிவாரத்தைக் கடல் தொட்டது. பின்னர்க் கடல் விலக, அமைதியான உப்பங்கழி உருவாயிற்று. அலை வேகமின்றி வந்து சென்ற நீர், நுண்ணிய வண்டலை மெல்ல மெல்லப் படியவிட்டது. நாளடைவில் அது புல்வெளியாயிற்று. குதிரை, மான், காண்டாமிருகம் ஆகியவை அங்கே மேய்ந்தன. சுண்ணப்பாறையிலிருந்து உதிர்ந்த சிக்கிமுக்கிக் கற்களைக் கொண்டு மாந்தர் கருவிகள் செய்தனர். அதன்பின் வந்த கடுங்குளிர்க் காலத்தில் பாறைச்சரிவிலிருந்து இறங்கிய சரளை, அந்நிலம் முழுவதையும் மூடியது.

பெருவெள்ளம் அடித்துச் செல்லும் ஆற்றுப்படுகையில் கற்கருவிகள் உருண்டு, தேய்ந்து, இடம்மாறிப் போகும். பாக்ஸ்குரோவின் மென்மையான வண்டலோ, விழுந்த கல்லை விழுந்த இடத்திலேயே போர்த்திவிட்டது. ஒருவர் அமர்ந்து கல்லை உடைத்தபோது சிதறிய சில்லுகள், அவர் எழுந்துசென்ற நிலையிலேயே கிடந்தன. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மார்க் ராபர்ட்ஸ், 1980களிலும் 1990களிலும் அங்கு அகழாய்வை வழிநடத்தினார். மாணவர்களும் தன்னார்வலர்களும் அவருடன் பணியாற்றினர்.

மீண்டும் செய்ய இயலாத ஆய்வு

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை தவறினால் மீண்டும் செய்து பார்க்கலாம். அகழாய்வில் அது இயலாது. ஒரு மண்ணடுக்கை அகற்றியபின் அதை முன்போல் அடுக்கிவைக்க எவராலும் முடியாது. அகழ்தல் என்பதே ஒருவகையில் அழித்தல்தான். எனவே, அழிப்பதற்கு முன் அங்கிருந்த அனைத்தையும் பதிவுசெய்வது கட்டாயமாகிறது.

இதற்காக அகழும் பரப்பை ஆணியும் நூலும் கொண்டு சம அளவுள்ள கட்டங்களாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு கட்டத்திற்கும் எண் உண்டு. வெளிப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று அளவுகள் எடுக்கப்படுகின்றன: கிழக்கு மேற்காக எவ்வளவு தொலைவு, வடக்கு தெற்காக எவ்வளவு தொலைவு, குறித்த மட்டத்திலிருந்து எவ்வளவு ஆழம். பொருள் எந்தத் திசை நோக்கிக் கிடந்தது, எவ்வளவு சாய்ந்திருந்தது, அதைச் சூழ்ந்த மண்ணின் நிறமும் தன்மையும் யாவை என்பனவும் குறிக்கப்படுகின்றன. வரைபடமும் ஒளிப்படமும் எடுத்தபின்னரே பொருள் மண்ணிலிருந்து பிரிக்கப்படும். உடனே எண்ணிட்ட பைக்குள் அது சேரும். பையின் எண் தவறினால், அப்பொருள் தன் முகவரியை இழந்துவிடுகிறது.

தன்னார்வலரின் பணி

அகழாய்வு என்றவுடன் புதையல் எடுக்கும் காட்சியே பலர் மனத்தில் எழும். களத்தில் நுழையும் தன்னார்வலர் முதல் நாளிலேயே அக்கற்பனையை விட்டுவிட நேர்கிறது. அவருக்கு முதலில் கற்பிக்கப்படுவது, எப்போது கையை நிறுத்த வேண்டும் என்பதே. கொத்தனார் கையாளுவது போன்ற சிறு கரணையைப் பக்கவாட்டில் பிடித்து, மண்ணை மிக மெல்லிய படலமாகச் சுரண்ட வேண்டும். கரணை எதன் மீதேனும் இடறினாலோ, மண்ணின் நிறம் மாறினாலோ உடனே நிறுத்திப் பொறுப்பாளரை அழைக்க வேண்டும். எலும்பு தென்பட்டால் இரும்புக் கருவியை ஒதுக்கிவிட்டு, மரக்குச்சியையும் தூரிகையையும் எடுக்க வேண்டும். கரணை முனை எலும்பில் கீறிவிட்டால், பழங்காலக் கற்கருவியின் வெட்டுத்தடத்திற்கும் இன்றைய கீறலுக்கும் இடையே குழப்பம் நேரும்.

மண்டியிட்டு, குனிந்து, மணிக்கணக்கில் ஒரு சிறு பரப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் பணி இது. முழங்கால் வலிக்கும், முதுகு கடுக்கும், குளிரும் மழையும் வெயிலும் மாறிமாறி வரும். பல நாள்கள் எதுவுமே கிடைக்காமல் கழியும். எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஓரிடத்தில் கருவிகள் நிறைந்தும் அதை அடுத்த இடம் வெறுமையாகவும் இருந்தால், அவ்வெறுமையும் ஒரு செய்தியே.

சுரண்டிய மண் குப்பையாவதில்லை. அது வாளியில் நிரப்பப்பட்டு, எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது எனச் சீட்டுக் கட்டப்பட்டு, சல்லடைக்குச் செல்கிறது. நுண்கண் சல்லடையில் நீர்விட்டு அலசும்போது, கண்ணுக்கு எளிதில் புலப்படாத மீன் எலும்பும் எலிப்பல்லும் தங்குகின்றன. அவற்றைக் காயவைத்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து வகைப்படுத்துவதும் தன்னார்வலர் செய்யும் பணிகளுள் ஒன்று.

சில்லுகள் சொன்ன கதை

இத்தனை கண்டிப்பும் எதற்கு என்ற வினாவிற்குப் பாக்ஸ்குரோவில் கிடைத்த ஒரு குதிரையின் எச்சங்கள் விடை கூறுகின்றன. ஓரிடத்தில் குதிரையின் எலும்புகளும், அவற்றைச் சுற்றிச் சிக்கிமுக்கிச் சில்லுகள் தனித்தனிக் குவியல்களாகவும் கிடந்தன. ஒவ்வொரு சில்லின் இடமும் பதிவாகியிருந்தமையால், ஆய்வாளர்கள் பிற்பாடு அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தனர். உடைந்த பானையின் ஓடுகளை ஒட்டுவதுபோல் சில்லுகள் பொருந்தி, மூலக்கல்லின் வடிவம் உருவாயிற்று. அதன் நடுவே ஒரு வெற்றிடம் எஞ்சியது. அவ்வெற்றிடத்தின் வடிவம் கைக்கோடரியின் வடிவம்! கருவியைச் செய்தவர் அதை எடுத்துச் சென்றுவிட்டார். அதன் அச்சு மட்டும் சில்லுகளுக்கிடையே தங்கிவிட்டது.

எலும்புகளில் இருந்த தடங்கள் மற்றொரு செய்தியைத் தந்தன. பாக்ஸ்குரோவ் எலும்புகள் சிலவற்றில் கற்கருவியின் வெட்டுத்தடமும் விலங்கின் பல்தடமும் சேர்ந்தே உள்ளன. அவற்றுள் வெட்டுத்தடம் அடியிலும் பல்தடம் அதன் மேலும் அமைந்துள்ளன. எனவே, முதலில் இறைச்சியைக் கொண்டவர் மனிதர். எஞ்சியதைத் தின்றது விலங்கு. விலங்குகள் விட்டுச்சென்ற மிச்சத்தையே தொல்மாந்தர் உண்டனர் என்ற கருத்தை ஐயுற, முடியிழை போன்ற அக்கீறல்கள் போதுமானவையாக இருந்தன.

காலத்தைக் கணித்ததில் சல்லடைக்கும் பங்குண்டு. நீர்எலிகளின் கடைவாய்ப் பற்கள் பழங்காலத்தில் வேருடன் இருந்தன. பின்னர்த் தோன்றிய இனத்தில் அவை வேரின்றி வளர்ந்தன. பாக்ஸ்குரோவில் கிடைத்தவை வேரற்ற பற்கள். ஆகவே, அவ்வடுக்கு அம்மாற்றத்திற்குப் பிற்பட்டது என்பது உறுதியாயிற்று. அழிந்துபோன பிற விலங்குகளின் எலும்புகளும் மண்ணடுக்குகளின் வரிசையும் காலத்தை மேலும் வரையறுத்தன. ரோஜரின் வயதை நமக்குச் சொன்னவற்றுள், வாளி மண்ணை அலசி எடுத்த எலிப்பல்லும் ஒன்று.

தெரிந்து தெளிவோம்

பாக்ஸ்குரோவில் மனிதரின் கீழ்வரிசை முன்பற்கள் இரண்டும் கிடைத்துள்ளன. அவற்றின் முன்புறத்தில் கற்கருவியால் ஏற்பட்ட கீறல்கள் காணப்படுகின்றன. இறைச்சியைப் பல்லால் கவ்விப் பிடித்துக்கொண்டு கருவியால் அறுத்தபோது அவை ஏற்பட்டிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பில்ட்டவுன் தரும் எச்சரிக்கை

அதே சசெக்ஸ் வட்டாரத்தின் கிழக்குப் பகுதியில் பில்ட்டவுன் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள சரளைக் குழியில் மனிதனுக்கும் குரங்கிற்கும் இடைப்பட்ட தொல்லுயிரின் மண்டையோடு கிடைத்ததாக 1912இல் அறிவிக்கப்பட்டது. அறிவுலகில் பலர் அதனை நம்பினர். ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, 1953இல் அது மோசடி என மெய்ப்பிக்கப்பட்டது. மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டானின் தாடையைச் சேர்த்து, பற்களை அராவி, பழைமை தோன்றச் சாயமேற்றி யாரோ குழியில் இட்டிருந்தனர்.

இந்த ஏமாற்று நெடுங்காலம் நிலைத்ததற்கு, எலும்புகள் கிடந்த நிலையைப் பலரும் சரிபார்க்கத்தக்க முழுமையான பதிவு இல்லாததும் ஒரு காரணம். பொருள் மட்டுமே சான்றாக நின்றது. அது கிடந்த இடம் சான்றாக நிற்கவில்லை. பெடர்சன் கண்ட எலும்பு ஐயத்திற்கு இடமின்றி ஏற்கப்பட்டதென்றால், அதைச் சூழ்ந்த மண்ணும் அளவுகளும் அதற்குத் துணை நின்றன என்பதே காரணம். பட்டம் பெற்றவரா, பெறாதவரா என்பதை மண் கேட்பதில்லை. கண்டதைக் கண்டவாறு எழுதும் நேர்மையையே அது கேட்கிறது.

நம் ஆற்றங்கரையில்

பாக்ஸ்குரோவின் கைக்கோடரிகள் ‘அச்சூலியன்’ எனப்படும் கற்கருவி மரபைச் சார்ந்தவை. அம்மரபின் தடங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863ஆம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கண்டறியப்பட்டன. பின்னாளில் சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் அங்கு முறையாக அகழ்ந்தனர். அங்குள்ள அச்சூலியன் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழைமையானவை என 2011இல் அவர்கள் அறிவித்தனர். மண்ணடுக்கில் பதிந்திருந்த காந்தத் திசையும், புதையுண்ட கற்களில் அண்டக் கதிர்கள் விட்டுச்சென்ற தடயமும் அக்கணிப்பிற்கு உதவின. கருவி எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரிந்திராவிட்டால் அக்கணிப்பு இயன்றிராது.

ஆற்றோரத்திலோ ஏரிக்கரையிலோ செதுக்கிய கல் ஒன்று நம் கண்ணில் படலாம். அதை எடுத்துவந்து அலமாரியில் வைப்பது ஆர்வமாகத் தோன்றினாலும், அது ஒரு சான்றின் முகவரியை அழிப்பதேயாகும். கல்லைக் கிடந்த இடத்திலேயே விட்டு, ஒளிப்படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியர் வாயிலாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே முறை. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிமமின்றி அகழ்வது சட்டப்படி குற்றமாகும்.

தன்னார்வலராகக் குழியில் இறங்கும் வாய்ப்பு எல்லாருக்கும் அமைவதில்லை. ஆனால், தன்னார்வலருக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடத்தை எவரும் கடைப்பிடிக்கலாம். கண்டவுடன் கையை நிறுத்துவோம். எடுப்பதற்கு முன் எழுதுவோம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் பழைமையைக் காட்டும் பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதனைத் தொடாமலும் இடம் மாற்றாமலும் அதன் இடம், அளவு, சூழல் ஆகியவற்றைப் பதிவுசெய்து வகுப்பறையில் படித்துக் காட்டுக.

2. ‘எதுவும் கிடைக்காத குழியும் சான்றே’ என்னும் கருத்துக் குறித்துக் கலந்துரையாடுக.