துளி விழும் இடமும் கசிவு பிறக்கும் இடமும்

காலையில் காரை வெளியே எடுத்த பின், அது நின்ற சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அகலத்திற்கு ஒரு கறை தெரிகிறது. பட்டறைக்குச் சென்று சொன்னால் 'லீக்' என்னும் ஒரே சொல்லில் செய்தி முடிந்துவிடும். ஆயினும் நாம் அறிய வேண்டியவை மூன்று: கசிவது எந்த நீர்மம், எவ்வளவு கசிகிறது, எங்கிருந்து கசிகிறது. முதல் இரண்டையும் கண்ணும் மூக்குமே பெரும்பாலும் சொல்லிவிடும். மூன்றாவதுதான் கடினம், பணம் வீணாவதும் அங்கேதான்.

நம் ஆசிரிய நண்பர் ஒருவரின் கார் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியது. இயந்திரமும் கியர் பெட்டியும் இணையும் இடத்திலிருந்து எண்ணெய் சொட்டுவதைக் கண்ட பட்டறையினர், வளைதண்டின் பின்முனையிலுள்ள 'ஆயில் சீல்' பழுதாகிவிட்டது என்று முடிவு கூறினர். அந்த ரப்பர் வளையத்தின் விலை சொற்பமே. ஆனால் அதனை எட்டுவதற்குக் கியர் பெட்டியையே கழற்றி இறக்க வேண்டும். அதற்கான கூலி அவருடைய மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கக்கூடியது. வேலைக்கு இசைவு தருமுன் அவர் நம்மிடம் வந்தார். அந்தக் காரை எவ்வாறு ஆராய்ந்தோம் என்பதை வைத்தே இப்பொருளை விளக்கலாம் எனக் கருதுகிறோம்.

முதலில் நீர்மத்தை இனங்காண வேண்டும். இரவில் காரின் அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து, முன் சக்கரங்கள் இருக்கும் இடத்தை அதில் குறித்து வைத்தால், துளியின் நிறமும் அது விழுந்த இடமும் காலையில் தெளிவாகும். இயந்திர எண்ணெயை மலாய் மொழியில் 'மினியாக் ஹித்தாம்', அதாவது கறுப்பெண்ணெய் என்பர். புதிதாக ஊற்றும்போது அது தேனின் நிறத்தில்தான் இருக்கும். உழைத்த பின்னரே கறுக்கும். தானியங்கிக் கியர் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. பழையதாகும்போது பழுப்பாக மாறும். குளிர்விப்பு நீர்மம் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று தயாரிப்பாளருக்கேற்ப நிறம் மாறுவதால், நிறத்தைவிட அதன் இனிப்பு வாடையையும் பிசுபிசுப்பையும் நம்புவதே நல்லது. அவ்வினிப்பு பூனையையும் நாயையும் ஈர்க்கும். அந்நீர்மமோ அவற்றுக்கு நஞ்சு. ஆகவே கறையை உடனே கழுவிவிட வேண்டும். பிரேக் எண்ணெய் ஏறக்குறைய நிறமற்றது, வண்ணப்பூச்சை அரிக்கும். அதுவோ பெட்ரோலோ ஒழுகினால் காரை ஓட்டவே கூடாது. பட்டறைக்காரரை வீட்டிற்கு அழைக்க வேண்டும்.

நம் வெப்பமும் ஈரப்பதமும் மிக்க நாட்டில் மிகுதியாகக் காணப்படும் கறை இவற்றுள் எதுவும் அன்று. குளிர்சாதனத்தில் காற்றின் ஈரம் குளிர்ந்து வடியும் வெறும் நீரே அது. அதைக் கண்டு அஞ்சிப் பட்டறைக்கு ஓடியவர்களை நாம் அறிவோம்.

அளவைக் குறிப்பதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. பரப்பு ஈரமாகித் தூசு ஒட்டினால் அது கசிதல். நெற்றியில் வியர்வை அரும்புவதுபோலத் துளி திரண்டும் விழாமல் நின்றால் துளிர்த்தல். துளி விழுந்தால் சொட்டுதல். இடைவிடாது இறங்கினால் ஒழுகுதல். குழாய் வெடித்து அழுத்தத்துடன் வெளிப்பட்டால் பீறிடுதல். இவை சொல்லழகுக்காக அடுக்கப்பட்டவை அல்ல. பழைய இயந்திரத்தில் எண்ணெய் கசிவதைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். சொட்டினால் மூலத்தைத் தேடியாக வேண்டும். அத்துளி சூடான புகைக்குழாயின் மேல் விழுமாயின் தீப்பற்றும் அபாயமும் உண்டு. ஒழுகினால் இயந்திரத்தை நிறுத்தவேண்டும். 'லீக்' என்று மட்டும் சொல்பவர் இவ்வேறுபாட்டைப் பட்டறைக்காரருக்குத் தெரிவிப்பதில்லை. ஒரு விதிவிலக்கையும் நினைவிற் கொள்க: குளிர்விப்பு நீர்மம் சூடான உலோகத்தின் மீது கசிந்தால் தரையை எட்டுமுன்பே ஆவியாகிவிடும். தரை உலர்ந்திருக்கும், தொட்டியில் மட்டும் அளவு குறையும். காய்ந்த உப்புப்போன்ற நிறப்படிவமே அங்கே சான்று.

இனி மூலத்தைத் தேடும் முறை. எண்ணெய் தன் எடையால் கீழிறங்கும். கார் ஓடும்போது எதிர்க்காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளும். எனவே நம் கண்ணில் படும் துளி, கசிவு பிறந்த இடத்திற்குக் கீழேயும் பின்னேயும் இருப்பதே இயல்பு. நாம் தேட வேண்டியது ஈரமான பகுதியின் உச்சியையும் முன்விளிம்பையும். நண்பரின் காரில் எண்ணெய் சொட்டிய இணைப்போ, இயந்திரத்தின் பின்புறத்தில் எங்கே கசிந்தாலும் வந்து சேரும் தாழ்ந்த இடம். அங்கே துளி விழுந்தது என்பதனால் மட்டும் அங்குள்ள வளையத்தைக் குற்றஞ்சாட்ட இயலாது.

ஆகவே முதல் வேலை துப்புரவு. பலர் தவிர்ப்பதும் இதனையே. ஆண்டுக்கணக்கான எண்ணெயும் தூசும் படிந்த இயந்திரத்தில் புதுக்கசிவு எது, பழைய அழுக்கு எது என்று எவராலும் பிரித்தறிய முடியாது. இயந்திரம் ஆறிய பின், அழுக்கு நீக்கும் மருந்தைத் தடவித் தூரிகையால் தேய்த்துத் துணியால் துடைத்தோம். மின் இணைப்புகளின்மேல் நீரைப் பீய்ச்சி அடிப்பது கூடாது. அடிப்பகுதியைத் துடைக்கும்போது காரைத் தாங்குகட்டைகள்மேல் நிறுத்தினோம். வெறும் 'ஜாக்'கை நம்பிக் காரின் கீழே தலையை நீட்டுதல் உயிருக்கு உலை வைக்கும். பின்னர் அரைமணி நேரம் ஓட்டிவந்து, கைவிளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு மேலிருந்து கீழாகப் பார்த்தோம்.

அன்று எதுவும் தெரியவில்லை. மெதுவான கசிவுகளுக்குப் பொறுமை வேண்டும். ஐயத்திற்குரிய இடங்களில் முகத்திற்குப் பூசும் வெண்தூளைத் தூவினோம். ஈரம் பட்ட இடம் தூளில் கருங்கோடாகத் தெரியும். இதனினும் நுட்பமான வழியும் உண்டு: ஒளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்து ஓட்டிய பின் புறஊதா விளக்கைக் காட்டினால், கசிந்த தடம் மஞ்சட்பச்சையாக ஒளிரும். குளிர்விப்பு அமைப்புக்கு, ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தத்தை ஏற்றி முள்ளைக் கவனிப்பர். முள் இறங்கியும் வெளியே ஈரம் காணவில்லை எனில் நீர்மம் இயந்திரத்தின் உள்ளேயே புகுகிறதோ என ஐயுற வேண்டும். இனிப்பு வாடையுடன் கூடிய வெண்புகையும், தே தாரிக் போல் கலங்கிய எண்ணெயும் அந்த ஐயத்தை வலுப்படுத்தும். எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்பசை இருந்தால் அது குறுந்தூர ஓட்டத்தால் திரண்ட ஈரமாகவும் இருக்கலாம்.

மறுநாள் பள்ளி முடிந்து வந்த காரைத் திறந்தபோது, வால்வு மூடியின் பின்மூலையில் வெண்தூள் கறுத்திருந்தது. அங்கிருந்து ஒரு மெல்லிய கோடு இயந்திரத்தின் பின்சுவர் வழியாகக் கியர் பெட்டி இணைப்புவரை இறங்கியிருந்தது. மூடியைக் கழற்றியபோது அதன் கேஸ்கெட் காய்ந்து, வளைத்தவுடன் முறிந்தது. புதியது வாங்க நண்பர் புறப்பட்டார். நாம் அவரைச் சற்று நிறுத்தினோம்.

ஏனெனில் கசிவின் இடம் ஒன்று, காரணம் வேறொன்றாக இருக்கலாம். பிஸ்டனைக் கடந்து கீழிறங்கும் வாயுக்களை உள்ளிழு குழாய்க்கு அனுப்பும் சிறு வால்வு ஒன்று இயந்திரத்தில் உண்டு. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் பெருகி, நலிந்த அடைப்புகள் வழியே எண்ணெயை வெளியே தள்ளும். அதைக் கவனியாது கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால், சில மாதங்களில் அதே இடமோ வேறோர் இடமோ மீண்டும் கசியத் தொடங்கும். நல்ல நிலையிலுள்ள வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கடகடவென ஒலிக்கும். நண்பரின் காரில் இருந்தது ஒலிக்கவில்லை. கரியும் பசையும் அதனை அடைத்திருந்தன.

இரண்டையும் மாற்றினோம். பிறகு ஒரு வாரம் நண்பர் இரவுதோறும் அட்டையை விரித்து வைத்தார். ஏழாம் நாள் காலையில் அட்டையில் ஈரமான வட்டம் ஒன்று இருப்பதாகப் பதற்றத்துடன் அழைத்தார். நேரில் சென்று பார்த்தோம். முன்பயணி இருக்கைக்கு நேர் கீழே, நிறமோ மணமோ இல்லாத நீர்.